மருந்து தெளிப்பவர்களுக்கும் இந்தச் சோதனை வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நரம்பைத் தாக்கும் நச்சுகளை ஒளிர்வின் மூலம் காட்டிக்கொடுக்கும் உணரிகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 1995-ல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் என்ற நரம்பு நச்சு பரப்பப்பட்டதைச் சொன்ன கட்டுரை, அதே நச்சுக் குடும்பம் நம் வயல்களில் பூச்சிமருந்தாகப் புழங்குவதைச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

சாரின், மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து இரண்டுமே அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்குபவை. நரம்பு அனுப்பிய கட்டளை முடிந்ததும் அதை அழித்துத் தசையை ஓயவிடுவது அந்த நொதிதான். அது முடங்கினால் கண்பாவை சுருங்கும், எச்சில் வழியும், கடைசியில் மூச்சு நிற்கும். 2013-ல் பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகளைக் கொன்றது மோனோகுரோட்டோபாஸ்.

இந்த நொதியின் அளவைப் பார்க்க 1961-ல் எல்மன் என்ற ஆய்வாளர் தந்த மஞ்சள் நிறச் சோதனை இன்றும் ஆய்வகங்களில் இருக்கிறது. ஆனால் ரத்தத்தின் சிவப்பு அந்த அளவீட்டில் குறுக்கிடும். ஒளிர்வு முறையில் அந்தத் தொல்லை குறைவு. நொதி வேலை செய்தால் சோதனைப் பொருள் ஒளிரும், முடங்கியிருந்தால் மங்கும்.

விஷம் குடித்து வருபவருக்கு அறிகுறி பார்த்தே அட்ரோபின் என்ற மாற்றுமருந்தைப் போட்டுவிடுவார்கள், சரி. தினமும் தெளிப்பானைத் தோளில் சுமப்பவருக்கோ அறிகுறி தெரியும் முன்பே நொதி குறைந்துகொண்டு வரும். கலிபோர்னியாவில் இந்த வேலை செய்பவர்களுக்கு ரத்தத்தில் நொதி அளவு பார்ப்பது விதியாகவே இருக்கிறது. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், தெளிப்புக் காலம் தொடங்கும் முன் ஒருமுறை, நடுவில் ஒருமுறை பார்க்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

வாசகர், தஞ்சாவூர்