ரேகை பார்ப்பவருக்குக் கதை எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தடயவியல் குறித்த தங்கள் கட்டுரையில் ‘விரல்ரேகை பொய் சொல்லாது’ என்று எழுதியிருந்தீர்கள். ரேகை பொய் சொல்லாதுதான். ஆனால் ரேகை வாய் திறந்து எதுவும் சொல்வதில்லையே. பார்த்துச் சொல்பவர் ஒரு மனிதர்.

மை தடவி எடுத்த முழு ரேகையில் சிக்கல் குறைவு. சம்பவ இடத்தில் கிடைப்பதோ பாதி விரல், இழுபட்ட தடம், ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்த வரிகள். ஒரு வரி அங்கே முடிகிறதா, கிளை பிரிகிறதா என்று தெரியாத இடத்தை மனம் தன் விருப்பப்படி நிரப்பிக்கொள்ளும். உளவியலாளர் இட்டியேல் டிரோரும் குழுவினரும் பிரிட்டனில் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. கொடூரமான குற்றப் படங்களைப் பார்த்தவர்கள், தெளிவற்ற ரேகைகளைப் ‘பொருந்துகிறது’ என்று கூடுதலாகச் சொன்னார்கள். தெளிவான ரேகைகளில் படங்களின் பாதிப்பு இல்லை.

அவர்கள் தொழில் பழகாதவர்கள்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2006-இல் வெளியான அடுத்த ஆய்வு நிபுணர்களைப் பற்றியது. ஐந்து பேருக்கு, முன்பு அவரவரே ‘பொருந்துகிறது’ என்று முடிவெழுதிய ரேகைகளையே, அதைச் சொல்லாமல் மறுபடி கொடுத்தார்கள். ஸ்பெயினின் மாட்ரிட் நகர ரயில் குண்டுவெடிப்பில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. தவறாகப் பொருத்திய ரேகை இது என்று மட்டும் சொல்லிவைத்தார்கள். நான்கு பேர் தங்கள் பழைய முடிவை மாற்றிக்கொண்டார்கள்! இத்தனைக்கும் ரத்தப் படம் ஏதுமில்லை.

அந்த மாட்ரிட் தவறு 2004-இல் உண்மையாகவே நடந்தது. அதனால் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர் இரண்டு வாரம் காவலில் இருந்தார். ரேகை வேறொருவருடையது என்று கண்டுபிடித்தது ஸ்பெயின் போலீஸ். எஃப்.பி.ஐ.யில் சரிபார்த்தவர்களோ முதல் நிபுணரின் முடிவு தெரிந்தே சரிபார்த்தவர்கள். அதற்குப் பெயர் சரிபார்ப்பா?

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். பொதுத்தேர்வு விடைத்தாளில் மாணவர் பெயரை மறைத்துத்தான் எங்களிடம் தருவார்கள். அதை அவமானமாக யாரும் எடுத்துக்கொண்டதில்லை. ரேகை நிபுணரும் சம்பவ இடத்து ரேகையை மட்டும் முதலில் ஆராய்ந்து, கண்டதை எழுதிவைத்த பிறகே சந்தேக நபரின் ரேகையைத் திறக்கட்டும். சடலத்தின் படமும் வாக்குமூலமும் அவர் மேசைக்கு வரவே வேண்டாம். குழந்தையின் சடலத்தைப் பார்த்துக் கலங்கும் நல்ல மனிதருக்குத்தான் இந்தத் திரை மிகவும் தேவை.

அடுத்த முறை ‘ரேகை பொருந்தியது’ என்று செய்தி வெளியிடும்போது, பொருத்திப் பார்த்தவரிடம் அதற்குமுன் வழக்கைப் பற்றி என்னென்ன சொல்லப்பட்டிருந்தது என்பதையும் தங்கள் நிருபர் கேட்டு எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்