ஆண்டறிக்கை: காயப் பதிவேடு தொடங்கிய ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பயிற்சியாளர்களே, பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்து வரும் பெற்றோர்களே, வீரர் வீராங்கனைகளே, அனைவருக்கும் வணக்கம்.

நம் விளையாட்டுச் சங்கத்தின் வழக்கமான விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. தடகளம், கால்பந்து, பேட்மிண்டன் ஆகிய மூன்று பிரிவுகளிலும் பயிற்சி தடையின்றி நடந்தது. போட்டி முடிவுகளைப் பிரிவுப் பொறுப்பாளர்களும் வரவு செலவைப் பொருளாளரும் வாசிப்பார்கள். எனக்குரிய நேரத்தின் பெரும்பகுதியை, ஆண்டு முழுவதும் நம்மில் பலரை மைதானத்துக்கு வெளியே உட்கார வைத்த தசை, தசைநாண், தசைநார் காயங்களுக்கே ஒதுக்க அனுமதி வேண்டுகிறேன்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி காயப் பதிவேடு ஒன்று தொடங்கினோம். யாருக்கு, எங்கே, எந்தச் சூழலில் வலி வந்தது, எப்போது ஆட்டத்துக்குத் திரும்பினார் என்பதைப் பயிற்சியாளர்கள் அன்றன்றே எழுதி வந்தார்கள். எதிராளியோடு மோதியும் வழுக்கி விழுந்தும் வரும் காயங்களே அதிகம் இருக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தோம். பதிவேடு காட்டியது வேறு. நாள்பட மெல்ல மெல்ல வந்த வலிகளே பக்கங்களை நிரப்பியிருந்தன: குதிகாலுக்கு மேலே, முழங்கால் சில்லுக்குக் கீழே, முழங்கையின் வெளிப்புறத்தில். அவை தொடங்கிய நாட்களைப் பார்த்தால், விடுமுறை முடிந்து திரும்பிய வாரங்களிலும் போட்டிக்கு முன் பயிற்சியைத் திடீரென்று கூட்டிய வாரங்களிலும் குவிந்திருந்தன.

இதற்குக் காரணம் தசைநாணின் இயல்பிலேயே இருக்கிறது. தசையை எலும்போடு பிணைப்பது தசைநாண். எலும்பை எலும்போடு பிணைப்பது தசைநார். கொலாஜன் என்ற புரதத்தின் இழைகளை நெருக்கமாக முறுக்கிய கயிறு போன்றது தசைநாண். தசையோடு ஒப்பிட்டால் இரத்த ஓட்டம் அதற்கு மிகக் குறைவு. சில வாரப் பயிற்சியிலேயே தசை வலுப்பெற்றுவிடும். தசைநாணுக்கு மாதக்கணக்கில் ஆகும். கால் தசை "ஓடலாம்" என்று சொல்லும் வேகத்துக்கு, கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் குதிநாண் இன்னும் தயாராகியிருக்காது. கடும் பயிற்சிக்குப் பிறகு முதல் ஒன்றரை நாள் வரை தசைநாணில் கொலாஜன் உருவாவதைவிடச் சிதைவதே மிகுதி. அதன் பிறகுதான் கணக்கு வளர்ச்சியின் பக்கம் திரும்புகிறது. குதித்தல், வேக ஓட்டம் போன்ற கடும் பயிற்சிகளை அடுத்தடுத்த நாட்களில் வைக்க வேண்டாம் என்று பயிற்சியாளர்களை நாம் கேட்டுக்கொண்டது இதனால்தான். தடகளப் பிரிவு அட்டவணையை உடனே மாற்றியமைத்தது. அவர்களுக்கு நன்றி.

ஓய்வு பற்றியும் சொல்ல வேண்டும். "ஒரு மாதம் சும்மா இருந்தேன், வலி போய்விட்டது, ஓடினேன், மறுபடி வந்துவிட்டது." பதிவேட்டில் இதே கதை வெவ்வேறு கையெழுத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. தசைநாண் வலிக்கு வெறும் அழற்சியே காரணம் என்று நீண்ட காலம் நம்பப்பட்டது. நாள்பட்ட வலி உள்ள தசைநாணை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் கண்டது, பெரும்பாலும் வரிசை குலைந்த இழைகளையும் தேவையற்றுப் புகுந்த நுண் இரத்தக் குழாய்களையும்தான். 2009இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஜில் குக், கிரெய்க் பர்டம் இருவரும் இந்தச் சிதைவைப் படிப்படியாக முற்றும் ஒன்றாக விளக்கினார்கள். திடீர்ச் சுமையால் தசைநாண் தடிக்கும் முதல் கட்டத்திலேயே சுமையைக் குறைத்துச் சரிசெய்தால் அது பழைய நிலைக்குத் திரும்ப முடியும்; கடைசிக் கட்டத்தில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. சும்மா இருப்பது வலியைத் தணிக்கும், ஆனால் நாணை வலுவாக்காது. அளந்து கூட்டும் சுமைதான் அதை வலுவாக்குகிறது.

1998இல் சுவீடன் மருத்துவர் ஹோகன் ஆல்ஃபிரெட்சன் வெளியிட்ட ஆய்வை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். நாள்பட்ட குதிநாண் வலியோடு அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்த, பொழுதுபோக்காக ஓடும் 15 பேர். படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சி: முழங்கால் நேராக 15 முறை வீதம் 3 சுற்று, சற்று மடித்து அதேபோல் 3 சுற்று, நாளைக்கு இரண்டு வேளை, 12 வாரம். 15 பேருமே ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். சிறிய ஆய்வுதான். அதற்குப் பின் வந்த ஆய்வுகளில் எல்லோருக்கும் இவ்வளவு நல்ல பலன் கிடைக்கவில்லை. அதிக எடையோடு மெதுவாக, வாரம் மூன்று நாள் மட்டும் செய்யும் முறையும் ஏறத்தாழ சமமான பலன் தருவதாக 2015இல் டென்மார்க் ஆய்வொன்று காட்டியது. தினமும் இரு வேளை செய்ய முடியாதவர்கள் இதைத் தேர்ந்தெடுக்கலாம். எந்த முறையானாலும் மூன்று மாதப் பொறுமை வேண்டும். நம் உறுப்பினர்கள் பலர் பயிற்சியைக் கைவிட்டது ஐந்தாறு வாரத்தில், பலன் தெரியத் தொடங்கும் நேரத்தில். அந்த இடத்தில் பயிற்சியாளர் அருகில் நின்று ஊக்கப்படுத்த வேண்டும்.

வலியோடு பயிற்சி செய்யலாமா என்று கேட்காதவர் இல்லை. நமக்கு ஆலோசனை வழங்கும் இயன்முறை மருத்துவர் கற்றுத் தந்த அளவுகோலை இப்போது எல்லாப் பிரிவிலும் பின்பற்றுகிறோம். 0 முதல் 10 வரையிலான அளவில் வலி 5க்குள் இருந்து, மறுநாள் காலைக்குள் தணிந்து, வாரத்துக்கு வாரம் கூடாமல் இருந்தால் தொடரலாம். மறுநாள் காலை எழுந்து வைக்கும் முதல் அடிகளில் விறைப்பும் வலியும் கூடியிருந்தால் முந்தைய நாள் சுமை அதிகம் என்று பொருள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு களத்தில் இறங்கினால் இந்த அளவுகோலே பயனற்றுப் போகும். இளைஞர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

திடீர்க் காயங்களுக்கு வருகிறேன். கணுக்கால் சுளுக்குதான் மிகுதி. பாதம் உள்நோக்கி மடங்கும்போது வெளிப்புறத் தசைநார் கிழிகிறது. ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் 1978இல் வகுத்தவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014இல் எழுதியவரும் அவரே. வலி தணிய ஐஸை அளவோடு, துணியில் சுற்றி வைப்பதில் தவறில்லை. ஓரிரு நாள் பாதுகாத்து, கட்டுப் போட்டு, பிறகு தாங்கும் அளவுக்கு நடக்க வைப்பதுதான் இப்போதைய முறை. எலும்பு முறிந்திருக்குமோ என்ற ஐயத்துக்குக் கனடாவில் 1992இல் உருவான ஒட்டாவா விதிகள் உதவுகின்றன: நான்கு அடி கூட எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் மொட்டு எலும்பின் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தினால் வலித்தாலோ, எக்ஸ்ரே கட்டாயம். பாதத்தின் நடுப்பகுதியில் வலி இருந்தால், வெளி விளிம்பில் சுண்டுவிரல் எலும்பின் அடிப்பகுதியையும் உள்பக்கத்தில் படகு எலும்பையும் அழுத்திப் பார்க்க வேண்டும்; அங்கே வலித்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இந்த விதிகளை அச்சிட்டு முதலுதவிப் பெட்டியின் மூடியில் ஒட்டியிருக்கிறோம்.

தொடையில் பலமாக அடிபட்டால் முதல் சில நாட்கள் யாரும் அழுத்தி நீவிவிடக் கூடாது. உள்ளே கட்டிய இரத்தம் பெருகுவதோடு, சில சமயம் தசைக்குள்ளேயே எலும்பு போன்ற கட்டி வளர்ந்துவிடும். வலி தாங்க முடியாமல் பெருகி, கால் இறுகி, மரத்துப்போனால் அது அவசரநிலை; உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இந்த ஆண்டு நம் எல்லோரையும் உலுக்கியது பேட்மிண்டன் பிரிவின் மூத்த உறுப்பினர் ஒருவருக்கு நேர்ந்த குதிநாண் அறுவு. முன்னால் பாய்ந்தவர், யாரோ பின்னாலிருந்து உதைத்ததாக எண்ணித் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. மெதுவாக நடக்க முடிந்ததால் சுளுக்கு என்றே நினைத்தார். துணைப் பயிற்சியாளர் அவரைக் குப்புறப் படுக்க வைத்துக் கெண்டைக்கால் தசையைப் பிசைந்து பார்த்தார். நாண் நன்றாக இருந்தால் அசைந்திருக்க வேண்டிய பாதம் அசையவில்லை. நாண் அறுந்திருக்கலாம் என்று அன்றே மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தார். அறுந்த நாணை நாள் கடத்திக் கண்டுபிடித்தால் சிகிச்சை மிகவும் சிக்கலாகிவிடும். அந்தத் துணைப் பயிற்சியாளருக்கு இந்த அவை கைதட்டிப் பாராட்டு தெரிவிக்க வேண்டும். கால்பந்து வீரர் டேவிட் பெக்காம் 2010 உலகக் கோப்பையில் ஆடும் வாய்ப்பை இழந்ததும், தடை ஓட்ட வீரர் லியு ஷியாங் 2012 ஒலிம்பிக்கில் முதல் தடையிலேயே விழுந்ததும் இதே நாண் அறுந்துதான்.

வார்ம்-அப் பற்றி கால்பந்துப் பிரிவில் கடும் விவாதம் நடந்தது. காயங்களைத் தடுக்க வகுக்கப்பட்ட ஃபிஃபா 11 பிளஸ் என்ற வார்ம்-அப் பயிற்சிக்கு 20 நிமிடம் ஆகிறது, ஆட்ட நேரம் குறைகிறது என்பது சிலர் வாதம். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் நடத்தி 2008இல் வெளியான ஆய்வில், இந்தப் பயிற்சி செய்தவர்களுக்கு ஒட்டுமொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. மண்டியிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள உடலை மெதுவாக முன்னால் சாய்க்கும், பின்தொடைத் தசைக்கான நார்டிக் பயிற்சியை டென்மார்க்கின் 50 அணிகளில் சோதித்தபோது, செய்தவர்களிடம் 15 காயங்களும் செய்யாதவர்களிடம் 52 காயங்களும் பதிவாயின. 20 நிமிடத்தைக் கொடுப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. செயற்குழுவும் அப்படியே முடிவெடுத்தது.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். வளரும் பிள்ளைகளுக்கு, எலும்பு வளரும் இடமான வளர்ச்சித் தகடு தசைநாணைவிடப் பலவீனமானது. முழங்காலுக்குக் கீழே முண்டு போலப் புடைத்து வலித்தாலோ, குதிகாலை ஊன்ற முடியாவிட்டாலோ, "வளர்ற வயசு, சரியாயிடும்" என்று விட்டுவிடாதீர்கள். ஒரே பிள்ளை மூன்று அணிகளில் ஆடுவதையும் தயவுசெய்து மறைக்க வேண்டாம்.

மருந்துகள் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். முழங்கை வலிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரம் நன்றாகக் கேட்கும். மாதங்கள் கழித்துப் பார்த்தால் போடாதவர்களே நலமாக இருந்ததை 2010இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட தொகுப்பாய்வு காட்டுகிறது. சிப்ரோஃப்ளாக்சசின் வகை நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் தசைநாண் அறுவதற்குக் காரணமாகலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. அவற்றை எழுதித் தரும் மருத்துவரிடம் நீங்கள் விளையாடுபவர் என்பதைச் சொல்லுங்கள்.

ஆட்டத்துக்குத் திரும்பும் விதியால் சிலருக்கு மனவருத்தம் ஏற்பட்டதை அறிவேன். முக்கியமான போட்டியில் உட்கார வைக்கப்பட்ட வீரரின் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் பின்தொடைத் தசைக் காயத்துக்கு மிகப் பெரிய காரணங்களுள் ஒன்று, அதே இடத்தில் ஏற்கெனவே பட்ட காயம். இரு கால்களின் வலுவும் ஏறத்தாழ சமமாகி, முழு வேக ஓட்டத்தையும் திடீர்த் திருப்பத்தையும் வலியின்றிச் செய்து காட்டிய பிறகே அணித் தேர்வு என்ற விதியை வரும் ஆண்டும் தொடரச் செயற்குழு பரிந்துரைக்கிறது. பதிவேட்டில் பயிற்சி நேரத்தையும் சேர்த்து எழுதவும், எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் முதலுதவி வகுப்பு நடத்தவும் தீர்மானங்கள் உங்கள் முன் வைக்கப்படுகின்றன.

ஊதியம் எதுவும் பெறாமல் நம்மோடு நின்ற இயன்முறை மருத்துவருக்கும், ஒரு நாளும் விடாமல் பதிவேட்டை எழுதிய பயிற்சியாளர்களுக்கும் சங்கத்தின் நன்றி. அறிக்கையை ஏற்று, தீர்மானங்களை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்