சிசேரியன் கேட்டு வரும் பெண்கள்: மகப்பேற்று வைத்தியர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டத்தில் மகப்பேற்றுப் பணியிலுள்ள விசேட வைத்திய நிபுணர்களுக்கும் பிரசவ விடுதிகளின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். மூதூரிலும் வெருகல் பக்கத்திலும் வீடு வீடாகப் போய் வேலை செய்த குடும்பநல உத்தியோகத்தர் நான். ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் அயலிலுள்ள பிள்ளைகள் கிளினிக் கொப்பியோடு இன்னும் என் திண்ணைக்கு வருகிறார்கள். பிரஷர் இல்லை, சீனி இல்லை, குழந்தையின் தலை சரியாகக் கீழே இருக்கிறது. அப்படியிருந்தும், "மிஸ், டொக்டரிடம் சொல்லி எனக்கு சிசேரியன் செய்விக்க முடியாதா?" என்று கேட்கிறார்கள்.

"இந்தக் காலத்துப் பெண்களுக்கு வலி தாங்கும் பலமில்லை" என்று உங்களில் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 2006 இல் போருக்குப் பயந்து மூதூரை விட்டு நடந்தே ஓடியபோது தாயின் இடுப்பில் இருந்த குழந்தைகள்தான் இன்று வயிற்றுப் பிள்ளையோடு உங்கள் முன் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பலம் போதாது என்று நான் நம்பத் தயாரில்லை.

அவர்கள் பயப்படுவது எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். அக்காவோ மச்சாளோ சொன்ன கதை ஒன்று வெளியே வரும். நோவெடுத்த நேரம் முழுவதும் பக்கத்தில் ஒருவரும் இல்லை. திரை சரியாக இழுபடாத கட்டிலில், யார் எவர் என்று தெரியாதவர்கள் மாறி மாறி உள்ளே கை வைத்துப் பார்த்தார்கள். கத்தினால் ஏச்சு. அந்தப் பழைய ஏச்சை நான் இங்கே எழுதப்போவதில்லை. பிரசவ அறையில் வேலை செய்த எவருக்கும் அது தெரியும். வலியைக் குறைக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசி கொழும்பில் காசு கட்டுகிறவர்களுக்கு உண்டு என்பதும் இந்தப் பெண்களுக்குத் தெரியும். இவ்வளவையும் கேட்டு வளர்ந்தவள் டொக்டரின் கத்தியே மேல் என்று நினைத்தால், அது பயத்தில் எடுத்த கணக்கு. மடமை என்று சொல்லாதீர்கள்.

அந்தக் கணக்கில் ஒரு பக்கம்தான் அவளுக்குத் தெரிகிறது என்பது உண்மை. சிறுநீர் கசியும் தொல்லை சிசேரியனில் குறைவு என்பதை மறைக்க வேண்டியதில்லை. கூடவே மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் கிண்ணியாவிலும் மூதூரிலும் மூன்று, நான்கு பிள்ளைகள் வேண்டும் என்ற குடும்பங்கள் ஏராளம். கருப்பையில் தழும்பு கூடக் கூட, அடுத்த முறை நஞ்சுக்கொடி அந்தத் தழும்பிலே வேரோடிப் பிடிக்கும் ஆபத்தும் கூடுகிறது. அமெரிக்காவில் 30,000 க்கும் அதிகமான பெண்களை வைத்துச் செய்து 2006 இல் வெளிவந்த ஆய்வில், நஞ்சுக்கொடி கீழிறங்கிக் கருப்பை வாயை மூடியிருந்த பெண்களுக்கு இது முதல் சிசேரியனில் 3 வீதம், இரண்டாவதில் 11 வீதம், மூன்றாவதில் 40 வீதம். கருப்பையையே எடுக்க நேரலாம். வெருகலிலிருந்து இரவில் ஒரு தாயை நகரத்துக்குக் கொண்டுவந்த எவருக்கும் இந்த எண்களின் கனம் விளங்கும்.

இதை நோவெடுத்த பிறகு சொல்லிப் பயனில்லை. 28 ஆம், 30 ஆம் வாரக் கிளினிக்கில், "எத்தனை பிள்ளைகள் வேண்டும் என்று நினைக்கிறாய்?" என்பதிலிருந்து தொடங்குங்கள். பத்து நிமிடம் போதும். எல்லாம் கேட்டபின்னும் சிசேரியன்தான் வேண்டும் என்றால் செய்து கொடுக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. பிரித்தானியாவின் வழிகாட்டல் 2011 இலிருந்தே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் 39 வாரம் நிறைய வேண்டும். சாத்திரியார் குறித்துக் கொடுத்த நட்சத்திரத்துக்காக 37 ஆம் வாரத்தில் வெட்டச் சொல்லி வருகிற குடும்பத்தை நீங்கள் திருப்பி அனுப்பினால் நான் உங்கள் பக்கம். மூச்சுத் திணறி இன்குபேட்டரில் கிடக்கப்போவது சாத்திரியார் இல்லையே.

இன்னொன்று, கசக்கும் என்றாலும் எழுதுகிறேன். அரச விடுதியில் சிசேரியன் கேட்டால் ஏச்சு, தனியாரில் கேட்டால் அதே வாயிலிருந்து திகதி. இதை நான் பார்த்திருக்கிறேன்.

நாட்டின் சிசேரியன் வீதம் ஏறுகிறது என்று கூட்டங்களில் கவலைப்படுகிறீர்கள். 10 வீதத்துக்கு மேல் போவதால் தாய், சேய் மரணம் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015 இல் சொன்னதையும் காட்டுகிறீர்கள். அதே நிறுவனம் 2018 இல், பிரசவ நேரத்தில் தாய் விரும்பிய ஒருவர் கூட இருக்க வேண்டும் என்றும், வலி நிவாரணம் கேட்கும் ஆரோக்கியமான பெண்ணுக்கு எபிடியூரல் கொடுக்கலாம் என்றும் சொன்னது. அதையும் கூட்டத்தில் வாசியுங்கள்.

எபிடியூரலுக்கு மயக்க மருந்து நிபுணர் வேண்டும், அது நாளைக்கே நடக்காது என்பது எனக்கும் தெரியும். கட்டிலுக்குக் கட்டில் முழுத் திரை போட நிபுணர் தேவையில்லை. துணைக்கு ஆள் விட்டால் மற்றப் பெண்களுக்குக் கூச்சம் என்பீர்கள். அப்படியென்றால் முதலில் பெண்களை மட்டும் விடுங்கள்: தாய், சகோதரி, மாமி. மாமி வேண்டாம் என்று பலர் சொல்வார்கள். அதையும் அவர்களிடமே, மாமி வெளியே நிற்கும்போது கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர்,
மூதூர்.