எங்கள் அப்பாவுக்குத் துணை நின்ற அனைவருக்கும் நன்றி

அன்பிற்குரிய உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் தெருவினருக்கும் வணக்கம்.

எங்கள் அப்பா தமது எண்பதாவது வயதில் எங்களைவிட்டுப் பிரிந்து நாற்பது நாட்கள் ஆகின்றன. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததுமே இந்த மடலை எழுதியிருக்க வேண்டும். உதவியவர்களை எண்ணிப் பார்க்க உட்காரும்போதெல்லாம், விட்டுப்போன இன்னொருவர் நினைவுக்கு வந்துகொண்டே இருந்ததால் நாள் தள்ளிப் போனது. அம்மா, அண்ணன், தம்பி ஆகியோரின் சார்பில் மகளாகிய நான் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் உறையூர்த் தெருவின் பிள்ளைகளைச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு மூச்சு முட்டிய அந்த இரவில் தெரு முழுவதும் சாக்கடைப் பணிக்காகத் தோண்டப்பட்டுக் கிடந்தது. ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு அந்தப் பள்ளத்தைத் தாண்டவும் வழியில்லை. நாங்கள் திகைத்து நின்றபோது, நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கும் மேஸ்திரி தம் வீட்டுக் கொல்லையில் அடுக்கி வைத்திருந்த சென்டரிங் பலகைகளைத் தம்பிமார்கள் ஆளுக்கொன்றாகத் தூக்கி வந்து, இரண்டிரண்டாகச் சேர்த்துக் கயிற்றால் கட்டிப் பள்ளத்தின்மேல் போட்டார்கள். பலகை அசையாமலிருக்க இரு கரையிலும் இரண்டு பேர் மிதித்துக்கொண்டு நிற்க, அப்பா அதன்மேல்தான் தூக்கிச் செல்லப்பட்டார். ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்தபடியே அவர் கண்ணைத் திருப்பி அந்தப் பலகைக் கட்டைப் பார்த்ததை நான் பார்த்தேன். இளவயதில் இராணுவத்தில் பாலம் போட்டவர் அவர். அந்த இரவு கிடைத்த வழியால் அவரோடு இன்னும் பதினொரு நாட்கள் இருக்கும் பேறு எங்களுக்கு வாய்த்தது. அந்தப் பிள்ளைகளுக்கும் மேஸ்திரிக்கும் எங்கள் குடும்பம் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அந்தப் பதினொரு நாட்களும் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவரைக் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கு நன்றி. உண்மையை மறைக்காமல், அதே சமயம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்ன மருத்துவருக்கும் நன்றி. எளிதில் கிடைக்காத ஓ நெகட்டிவ் இரத்தத்தை, முன்பின் அறியாத எங்களுக்காக வந்து கொடுத்துவிட்டுப் பெயரைக்கூடச் சொல்லாமல் போன மூன்று இளைஞர்களை நாங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். இந்த மடல் அவர்கள் கண்ணில் பட்டால் ஒருமுறை வீட்டுக்கு வர வேண்டும்.

அப்பாவை நீங்கள் பலரும் கட்டடக் கலைஞராகவே அறிவீர்கள். 1945-இல் லால்குடி பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், சென்னையில் கட்டடக் கலை படித்தார். படிப்பு முடிந்த கையோடு பரங்கிமலையிலிருந்த இராணுவ அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, 1969-இல் பொறியாளர் படைப்பிரிவின் அதிகாரியானார். ஐந்தாண்டுச் சேவைக்குப் பிறகு ஊர் திரும்பி, 1975-இல் திருச்சியில் தொழில் தொடங்கினார். இவ்வளவுதான் எங்களுக்கும் தெரியும். 1971 போரில் அவர் இருந்தார் என்பது தெரியுமே தவிர, அங்கே என்ன செய்தார் என்று கேட்டால், "ரோடு போட்டோம்மா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

அந்த ரோடு எது என்று எங்களுக்குச் சொன்னவர், தருமபுரியிலிருந்து மூன்று பேருந்து மாறி வந்து சேர்ந்த ஒரு முன்னாள் ஹவில்தார். பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் தலைமையிடம் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் என்னும் இராணுவப் பொறியாளர் படையில் வீரர்களை இன்றைக்கும் 'தம்பி' என்றுதான் அழைக்கிறார்கள். எண்பதை நெருங்கும் அந்தப் பெரியவரும் தம்மை "நான் உங்க அப்பாவோட தம்பிம்மா" என்றே அறிமுகப்படுத்திக்கொண்டார். பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றைக் கடந்து நம் காலாட்படை பிடித்த இடத்துக்கு, 1971 டிசம்பர் 15 இரவு, டாங்கிகள் போயாக வேண்டியிருந்தது. இடையில் எதிரி புதைத்த கண்ணிவெடிகள். அவற்றை அகற்றித் தடம் அமைத்தது மதராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த 9-ஆவது என்ஜினியர் ரெஜிமெண்ட். மறுநாள் அந்தப் போர்க்களத்தில்தான் இருபத்தொரு வயது அருண் கேத்தர்பால் தம் டாங்கியை விட்டு இறங்க மறுத்துப் போரிட்டு மடிந்தார்; அவருக்கு நாட்டின் மிக உயர்ந்த போர் வீர விருதான பரம் வீர் சக்கரம் வழங்கப்பட்டது. அவரைப் போன்றோர் செல்ல வழி திறந்த இரவில் அப்பாவும் இருந்திருக்கிறார். டிசம்பர்க் குளிரில் குப்புறப் படுத்து, கம்பியைத் தரையில் சாய்வாகச் செருகி, ஏதாவது தட்டுப்படுகிறதா என்று விரல் நுனியால் உணர்ந்து, அடியடியாக நகர்ந்ததை அந்தப் பெரியவர் எங்கள் கூடத்துத் தரையில் ஒரு ஊதுபத்திக் குச்சியை வைத்துச் செய்து காட்டினார். கூடம் அமைதியாகிவிட்டது.

அப்பாவோடு வேலை பார்த்த எல்லாருக்கும் அவருடைய ஒரு பழக்கம் தெரியும். எந்த மனையானாலும் முதல் நாள் டேப்பைத் தொடமாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, மனையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை, தரையைப் பார்த்தபடி மெல்ல நடப்பார். மண்ணைத் தெரிந்துகொள்ளாமல் கோடு போடக்கூடாது என்பார். அந்த நடை எங்கிருந்து வந்தது என்பதை அம்மா அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். ஐம்பதாண்டு தாம்பத்தியத்தில் தெரியாததை ஒரு மதிய வேளையில் தந்துவிட்டுப் போன அந்த ஐயாவை நாங்கள் எந்தச் சொல்லால் வணங்குவது? இறுதி ஊர்வலத்தில் தங்கள் பதக்கங்களை அணிந்து, ஓயாமரி மயானம் வரைக்கும் நடந்தே வந்து, வரிசையில் நின்று சல்யூட் வைத்த முன்னாள் படைவீரர்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் நன்றி.

நாகப்பட்டினத்துக் கடற்கரைக் குப்பத்திலிருந்து இரண்டு அம்மாக்கள் வந்திருந்தார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, அப்பா ஏறத்தாழ ஓராண்டு அங்கே தங்கி வீடுகளுக்கு வரைபடம் போட்டார். ஆண்கள் கூட்டம் முடிந்த பிறகு, பெண்களைத் தனியாக உட்கார வைத்து, "கருவாடு எங்கே காய வைப்பீங்க? தண்ணி வந்தா பிள்ளைங்கள எங்கே ஏத்துவீங்க?" என்று கேட்டவர் அவர் என்று அவர்கள் சொன்னார்கள். இரண்டு கேள்விக்கும் சேர்த்து ஒரே விடையாக, ஒவ்வொரு வீட்டுக்கும் வெளியிலிருந்து மாடித் தளத்துக்குப் போகும் படிக்கட்டு வைத்திருக்கிறார். செலவு கூடுகிறது என்று வந்த எதிர்ப்பைச் சமாளிக்க, செங்கற்களை நெட்டுக்குத்தி நடுவே வெற்றிடம் விடும் 'எலிப்பொறிக் கட்டு' முறையில் சுவரை எழுப்பிச் செங்கல்லில் கால்வாசியை மிச்சம் பிடித்தாராம். அந்தப் படியில் இன்றும் கருவாடு காய்கிறது என்று சொல்லி, ஒரு பொட்டலம் வஞ்சிரக் கருவாட்டை அம்மா கையில் கொடுத்தார்கள். துக்க வீடாயிற்றே என்று யாரோ தயங்கினார்கள். அம்மா அதை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டார்.

அப்பா எங்களுக்கு எப்படிப்பட்டவர் என்பதை ஒன்றிரண்டு சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் பள்ளிக்குப் போன காலம் முழுவதும், தம் 2எச் பென்சில்களைப் பிளேடால் சீவும்போதே எங்கள் மூவரின் பென்சில்களையும் சீவி, ஒரு எவர்சில்வர் டம்ளரில் முனை மேலிருக்கும்படி நிறுத்தி வைப்பார். 2011-இல் அம்மா பக்கவாதத்தில் விழுந்தபோது, தாமே ஆசையாக வரைந்து கட்டிய வீட்டின் உள்வாசல் நிலைப்படிகளை ஒவ்வொன்றாக இடிக்கச் சொன்னார். வாசலில் சரிவுப் பாதை போட்டு, அம்மாவின் இடது கை எட்டும் உயரத்துக்குச் சுவரெங்கும் தேக்குக் கைப்பிடி வைத்தார். உயரம் சரியா என்று பார்க்க அம்மாவை நிற்க வைத்து, ரசமட்டத்தோடு அவர் குனிந்து நின்ற காட்சி என் கண்ணிலேயே இருக்கிறது. அதற்கு முன்பு அடுப்பங்கரைக்குள் நுழைந்தறியாதவர், அறுபத்தாறு வயதில் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டு, கடைசி வரைக்கும் அம்மாவுக்குத் தம் கையாலேயே பரிமாறினார். இப்போது அந்த வேளைக்கு முறை வைத்துக்கொண்டு சாப்பாடு கொண்டுவரும் எதிர்வீட்டு அக்காவுக்கும், பின்தெரு பாய் வீட்டாருக்கும் நன்றி என்ற சொல் சிறியது.

அவரிடம் மெட்ராஸ் டெரஸ் வேலை கற்ற கொத்தனார்கள் பதினாறு நாளும் பந்தல், தண்ணீர், சாப்பாடு என்று எதிலும் எங்களைக் கைவைக்க விடவில்லை. தேக்குக் கட்டைகளின்மேல் மெல்லிய செங்கற்களைக் குறுக்குச் சாய்வாக நெட்டுக்குத்தி, சுண்ணாம்பில் பிடிக்க வைக்கும் அந்தக் கையோட்டம் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பது அப்பாவின் பெரிய கவலை. காரியம் முடிந்த அன்று மூத்த கொத்தனார் தம் பேரனை அழைத்து வந்து, அப்பாவின் படத்துக்கு முன் நிறுத்தி, கரண்டியையும் தூக்குக்குண்டையும் அவன் கையில் கொடுத்தார்.

பாதியில் நின்ற பள்ளிக்கூடக் கட்டடத்தின் வரைபடங்களை, அவரிடம் தொழில் பழகிய இளம் கட்டடக் கலைஞர்கள் ஊதியமின்றி முடித்துத் தருவதாக எடுத்துச் சென்றிருக்கிறார்கள். கதவு, சன்னல்களுக்கு மேலே வரும் லிண்டல் மட்டம் வரை சுவர் எழும்பிவிட்டது என்று போன வாரம் படம் அனுப்பினார்கள். அவர்களுக்கும், தொலைவிலிருந்து தொலைபேசியில் அழுதவர்களுக்கும், காவிரிக்கரையிலுள்ள 'அம்மா மண்டபம்' படித்துறையில் அஸ்தி கரைத்தபோது உடனிருந்தவர்களுக்கும், இந்த மடலில் பெயர்க்குறிப்பின்றி விடுபட்டவர்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

அப்பாவின் அறையில் ஐம்பதாண்டு டிரேசிங் சுருள்கள் இருக்கின்றன. தம்பியும் நானும் அவற்றைத் தூசி தட்டி, வீடு வீடாகப் பிரித்து அடுக்கி வருகிறோம். அவர் கட்டிய வீட்டில் வசிப்பவர்கள் தங்கள் வீட்டின் வரைபடத்தை வந்து பெற்றுக்கொள்ளலாம். மாலை ஐந்து மணிக்குமேல் வாருங்கள்; அம்மா அப்போது திண்ணையில் உட்கார்ந்திருப்பார், உங்கள் வீட்டைப் பற்றி அவரிடம் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
மகள், குடும்பத்தார் சார்பில்
உறையூர், திருச்சிராப்பள்ளி