சந்தா கட்டியாச்சு, கதவு தொறக்கல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

மத்திய அரசே பதிப்பகங்களுக்கு மொத்தமா சந்தா கட்டுற ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் வந்ததுல இருந்து காலேஜ்ல இருக்கிற எல்லாருக்கும் ஆராய்ச்சி ஜர்னல் சும்மா கெடைக்குதுன்னு எங்க பக்கம் ஒரு பேச்சு ஓடுது, அதான் எழுதுறேன். 2024 நவம்பர்ல மத்திய கேபினட் ஓகே பண்ணுச்சு, 2025ல இருந்து மூணு வருஷத்துக்கு 6,000 கோடி, 30 பதிப்பகம், கிட்டத்தட்ட 13,000 ஜர்னல். நல்ல காரியம்தான், குத்தம் சொல்லல. ஆனா அது அரசு காலேஜ், அரசு யுனிவர்சிட்டி, மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் இதுகளுக்குத்தான். காரைக்குடி, தேவகோட்டை சுத்துவட்டாரத்துல சுயநிதி காலேஜ்ல படிக்கிற பிள்ளைங்களுக்கும் அங்க பாடம் எடுக்கிற எங்களுக்கும் இதுல எடமே இல்ல.

நான் சுயநிதி காலேஜ்ல கெமிஸ்ட்ரி எடுத்துக்கிட்டே பகுதிநேரமா பிஎச்டி பண்றேன். கைடு இருக்கிற காலேஜுக்கு அந்தச் சந்தா உண்டு, அதனால சனிக்கிழமை ஆனா பஸ் ஏறி அங்க போயி டவுன்லோடு பண்ணிட்டு வருவேன். திடீர்னு ஒருநாள் எதுவுமே தொறக்கல. கட்டுரைத் தலைப்பு வருது, சுருக்கம் பத்து வரி வருது, பிடிஎஃப்னு இருக்கிறத அமுக்குனா 30, 40 டாலர் கட்டுன்னு கேக்குது. லைப்ரரில கேட்டா சர்வர் டவுன் மேடம்னுட்டாங்க. அப்புறம்தான் விஷயம் வெளிய வந்துச்சு, காலேஜ்ல நெட் கம்பெனிய மாத்தியிருக்காங்க, அதோட ஐபி நம்பரும் மாறிப்போச்சு, பதிப்பகத்துக்காரன் அந்த நம்பர வச்சுத்தான் இது சந்தா கட்டுன காலேஜுன்னு அடையாளம் கண்டுக்கிறான். இந்தச் சந்தாவ நடத்துற இன்ஃப்லிப்நெட்னு ஒரு மத்திய அரசு மையம் குஜராத் காந்திநகர்ல இருக்கு, புது நம்பர அவங்களுக்குச் சொல்லி மாத்தணும், அவ்வளவுதான் வேலை. அத யார் செய்றதுன்னுதான் சண்டை. லைப்ரரில கேட்டா கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்ட்ங்கிறாங்க, அங்க போனா ஆபீஸ்ங்கிறாங்க. லைப்ரரியன் போஸ்ட்டே காலியாக் கெடக்கு, தமிழ் வாத்தியார் ஒருத்தர் கூடுதல் பொறுப்பா பாக்குறாரு, பாவம் அவர நான் என்னத்தச் சொல்ல.

வீட்டுல இருந்தே படிக்க இன்ஃபெட்னு ஒரு லாகின் இருக்கு. அதுக்கும் காலேஜ்தான் நம்ம பேர ஏத்தி விடணும், கேட்டா நீங்க ரெகுலர் ஸ்காலர் இல்லையேன்னு சொல்றாங்க. பீஸ் வாங்குறப்ப மட்டும் ரெகுலரா பகுதிநேரமான்னு யாரும் யோசிக்கிறதில்ல.

வயித்தெரிச்சல் எங்கன்னா, என் சப்ஜெக்ட் எலக்ட்ரோகெமிஸ்ட்ரி. நான் தேடுற கட்டுரைல பாதி நம்ம சிக்ரி, அதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அங்க இருக்கிற விஞ்ஞானிகளே எழுதுனது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் குடுத்து காரைக்குடிக்குக் கொண்டாந்த நிலையம், பஸ்ஸுல போனா வாசல் தெரியும், அந்த வாசலுக்குள்ள மக்கள் வரிப்பணத்துல நடந்த ஆராய்ச்சிய அதே ஊர்ல இருக்கிற ஒரு டீச்சர் படிக்கணும்னா வெளிநாட்டுப் பதிப்பகத்துக்கு டாலர்ல கட்டணும்! கொஞ்சப்பேரு எல்லாத்தையும் சை-ஹப்புங்கிற, பதிப்பகத்தோட அனுமதி இல்லாம கட்டுரைய சும்மா குடுக்கிற வெப்சைட்ல எடுத்துக்கிட்டாங்க, அதுக்கும் எல்சவியர், வைலி, அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி மூணு பதிப்பகமும் சேந்து 2020 கடைசில டெல்லி ஹைகோர்ட்ல கேஸ் போட்டாங்க. நேர் வழில போறவங்களுக்குத்தான் அலைச்சல். எழுதுனவருக்கே மெயில் போட்டு காப்பி கேக்கலாம், நல்ல மனசுக்காரங்க அனுப்புறாங்க, ஆனா ஒவ்வொரு கட்டுரைக்கும் அப்படிக் காத்திருந்தா தீசிஸ் எப்ப முடியும்.

பல பதிப்பகங்களோட அக்ரிமெண்ட்ல வாக்-இன் யூசர்னு ஒரு ஷரத்து இருக்கும். லைப்ரரிக்குள்ள நேர்ல வந்து, அங்க இருக்கிற கம்ப்யூட்டர்ல உக்காந்து வெளியாளும் படிச்சுக்கலாம், டவுன்லோடு அளவுக்கு ஒரு வரம்பு உண்டு. நம்ம பக்கம் அரசு காலேஜ் லைப்ரரிகள்ல இந்த ஷரத்த யாரும் எடுத்துப் பாக்குறதா தெரியல. கேட்ல வாட்ச்மேன் ஐடி கார்டு கேட்டுத் திருப்பி அனுப்பிர்றாரு. சனி ஞாயிறுல ஒரு கம்ப்யூட்டர ஒதுக்கி, ஆதார் கார்டப் பாத்துட்டு உள்ள விட்டா என்ன நஷ்டம்?

இன்னொண்ணு, வீட்டு வரியோட நூலக வரியும் சேத்துத்தான் கட்டுறோம். அடுத்த கட்டமா சந்தாவ விரிவுபடுத்துறப்ப சுயநிதி காலேஜோட நம்ம பொது நூலகங்களையும் சேக்கச் சொல்லி மாநில அரசு டெல்லிக்கு எழுதணும். எல்லா கிளை நூலகமும் வேணாம், சிவகங்கை மாவட்ட மைய நூலகத்துல ஆரம்பிச்சாக்கூடப் போதும், பஸ் ஏறிப் போயிக்கிறோம். உங்க நிருபர் யாராச்சும் உயர்கல்வித் துறைல இதக் கேட்டு, என்ன பதில் வருதுன்னு பேப்பர்ல போட்டா உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
பகுதிநேர ஆராய்ச்சி மாணவி,
தேவகோட்டை