கடல் வந்த புயலும் வராத புயலும்

செயின்ட் பீட்டர்ஸ்பர்க், புளோரிடா
20.10.2024

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நாங்கள் மூவரும் நலம். கரன்ட் வந்துவிட்டது. பாப்பாவுக்குப் பள்ளிக்கூடமும் திறந்துவிட்டது.

அன்றைக்குப் போனில் மில்டன் புயலைப் பற்றிச் சொல்லி அப்பா சிரித்தீர்கள். "பதினஞ்சு அடி கடல் ஏறும்னு ஊரையே காலி பண்ண வச்சாங்க, கடைசியில உள்ள தண்ணியும் வெளிய போயிடுச்சாமே!" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனில் சொன்னால் பாப்பா நடுவில் வந்து பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வந்தது ஹெலீன் புயல். செப்டம்பர் 26. அந்தப் புயலின் கண் எங்களுக்கு மேற்கே சுமார் 100 மைல் தள்ளி, கடலோடு கடலாக வடக்கே போய்க்கொண்டிருந்தது. கரையைக் கடந்தது பெர்ரி என்ற ஊர்ப்பக்கம். நூறு மைல் தள்ளித்தானே போகிறது என்று நாங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டோம். எங்கள் தெரு 'ஏ' மண்டலம், முதலில் காலி செய்ய வேண்டிய பகுதி. எங்கள் ஊரை ஒட்டிய தம்பா விரிகுடாவில் கடல் 5 முதல் 8 அடி ஏறும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். சொன்னபடியே ஏறியது. நான்தான் டிவியில் கண் போகும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரி பதினொரு மணி இருக்கும். குளியலறையில் களக் களக் என்று சத்தம். தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை அப்பா, முதலில் சாக்கடைக் குழாய் வழியாகத்தான் வந்தது. அரை மணி நேரத்தில் முழங்கால். ஃபிரிட்ஜ் மெதுவாக மல்லாந்து, கதவு மேலே பார்க்க மிதந்தது. பாப்பாவைச் சமையல் மேடைமேல் உட்கார வைத்துக்கொண்டு விடிய விடிய நின்றோம். சுவரில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது, பிளக் பாயின்டுக்கு ஒரு சாண் மேலே. இந்த மாவட்டத்தில் மட்டும் பத்துப் பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

நனைந்த சோபாவும் மெத்தையும் தெருவோரம் குவிந்து கிடக்கும்போதே மில்டன் வந்தது. மெக்சிகோ வளைகுடாவில் ஒரே நாளில் ஊதிப்பெருத்து, மணிக்கு 180 மைல் காற்று. தம்பா விரிகுடாவின் சராசரி ஆழமே 12 அடிதான். காற்று உள்ளே தள்ளினால் தண்ணீருக்குப் போக இடமில்லை, மேலேதான் ஏறும். 1921க்குப் பிறகு பெரிய புயல் எதுவும் இந்த ஊர்மேல் நேராக வந்ததில்லை. இந்தத் தடவை ஓடினோம். ஆர்லாண்டோவில் நண்பர் வீடு. வழியில் பெட்ரோல் பங்குகளில் பாதி மூடிக் கிடந்தன.

அக்டோபர் 9 ராத்திரி கண் எங்களுக்குத் தெற்கே, சியெஸ்டா கீ என்ற தீவில் கரையேறியது.

இதை உங்களுக்கா நான் விளக்க வேண்டும்? நம் பக்கம் புயல் கிழக்கிலிருந்து வரும், கண்ணுக்கு வடக்கே இருக்கிற ஊருக்குத்தான் கடல் ஏறும் என்று நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள். இங்கே மேற்கிலிருந்து வருவதால் எல்லாம் தலைகீழ். கண்ணுக்குத் தெற்கே இருந்த கரையில் பத்தடி வரை ஏறியது. வடக்கே இருந்த எங்களுக்கு வாடை அடித்து விரிகுடாத் தண்ணீரை வெளியே இழுத்துக்கொண்டு போனது. தம்பாவில் வழக்கத்தைவிட ஐந்தடி வற்றியதாம். ஆனால் மழை மட்டும் ஒரே ராத்திரியில் 18 அங்குலம்.

ஒரு நாளைக்கு முன்பு சொல்லும்போதுகூடக் கண் போகும் இடம் முப்பது மைல் அளவுக்கு முன்பின்னாக இருக்கும் என்கிறார்கள். பெரிய பிழையே இல்லை. ஆனால் அந்த முப்பது மைலுக்குள்தான் இந்த விரிகுடாவின் வாயே இருக்கிறது. கண் வாய்க்கு வடக்கே ஏறினால் 15 அடி, தெற்கே ஏறினால் வெறும் சேறு. அதனால் இங்குள்ள புயல் எச்சரிக்கை மையம் ஒரே புயலைப் பாதை, வேகம், அகலம், பலம் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிக் கம்ப்யூட்டரில் நூற்றுக்கணக்கில் ஓட்டிப் பார்க்கிறது. கடைசியில் வரைபடத்தில் போடுவது, தாண்டுவதற்குப் பத்தில் ஒரு வாய்ப்பே உள்ள உயரம். நடக்கக்கூடிய மோசமான கணக்கு அது. 'இதுதான் வரும்' என்று அவர்கள் சொல்லவே இல்லை. டிவிக்காரர்கள் அந்தப் 'பத்தில் ஒன்றை' முழுங்கிவிட்டு அடியை மட்டும் கத்துகிறார்கள், அது வேறு விஷயம்.

எனக்குப் பயமெல்லாம் பக்கத்து வீட்டு அம்மாவை நினைத்துத்தான். எழுபத்தெட்டு வயது, தனி ஆள். 2022இல் இயன் புயலுக்கும் தம்பாதான் என்றார்கள், ஓடினாராம். அது தெற்கே, ஃபோர்ட் மையர்ஸ் பக்கம் கேயோ கோஸ்டா என்ற தீவில் கரையேறியது. மில்டனுக்கும் ஓடினார். "அடுத்த தடவை நான் எங்கேயும் போகப்போவதில்லை" என்று நேற்று என்னிடம் சொன்னார். கஜா வந்தபோது முகாமுக்கு வரமாட்டேன் என்று திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். யாரென்று அம்மாவுக்குத் தெரியும்.

சரி, விடுங்கள். காப்பீட்டு ஆள் இன்னும் வந்து பார்க்கவில்லை. தரையெல்லாம் பெயர்த்தாகிவிட்டது, வாடகை வீடுதான் என்றாலும் நாற்றம் எங்களுக்குத்தானே.

அம்மா, நீங்கள் கொடுத்தனுப்பிய புளியும் வடகமும் கீழ் அலமாரியில் இருந்தன, எல்லாம் போய்விட்டது. சித்தப்பா மகன் டிசம்பரில் வருகிறான் அல்லவா, கொஞ்சம் வடகம் கொடுத்துவிடுங்கள். இந்தத் தடவை மேல் அலமாரியில் வைத்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
உங்கள் மகன்