கோட்டைக்குள் போன மாலுமி

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்க உள்நாட்டுப் போர்க் கட்டுரையோடு பிலிப் பஸாரைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். சிலி நாட்டில் பிறந்து, வடக்கு மாநிலங்களின் கடற்படையில் சேர்ந்து, அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவப் பதக்கமான மெடல் ஆஃப் ஆனர் வாங்கியவரைத் தமிழில் எழுதியதே சந்தோஷம். ஆனால் 'மாலுமிகள் சுவரேறி ஃபிஷர் கோட்டையைப் பிடித்தார்கள்' என்பது சரியில்லை.

1865 ஜனவரி 15 அன்று வடக்கின் அட்மிரல் போர்ட்டர் சுமார் 2,000 பேரைக் கரையில் இறக்கி, எதிரிக் கப்பலில் தாவி ஏறுவதுபோல், தெற்கின் கையில் இருந்த அந்தக் கோட்டையில் ஏறச் சொன்னார். பாவம், பெரும்பாலான மாலுமிகள் கையில் இருந்தது குறுவாளும் கைத்துப்பாக்கியும்தான். எதிரே உயரமான மண் சுவர், அதன்மேல் வரிசையாக நீளத் துப்பாக்கிகள். திறந்த மணலில் ஓடிவந்தவர்கள் சுருண்டு விழுந்தார்கள், மற்றவர்கள் திரும்பிவிட்டார்கள். காவல் படையின் கவனம் அந்தப் பக்கம் இருந்தபோது, ஆற்றோரமாக வடக்கின் ஜெனரல் டெர்ரியின் தரைப்படை உள்ளே புகுந்தது. இரவு வரை கைகலப்பு நடந்த பிறகே கோட்டை விழுந்தது.

அப்படியானால் பஸார் எப்படி உள்ளே போனார்? 'சான்டியாகோ டி கியூபா' கப்பலிலிருந்து, கரையில் இருந்த ஒரு ஜெனரலின் தேவைக்கென்று அனுப்பப்பட்ட படகுக் குழுவில் அவர் ஒருவர். சண்டை உச்சத்தில் இருக்கும்போது அந்தக் குழுவோடு கோட்டைக்குள் போய், ராணுவத் தகவல் கடிதங்களைக் கொண்டுசேர்த்தார். கப்பற்படையிலிருந்து அப்படி நுழைந்தவர்கள் மொத்தம் ஆறே பேர். அந்த ஜூன் மாதமே பதக்கம் அறிவிக்கப்பட்டது. நீங்கள் போட்ட படத்தில் அவர் சுவர்மேல் நின்று சுடுகிறார். பதக்கக் குறிப்பில் சுட்டதாக ஒரு வார்த்தையும் கிடையாது. குண்டு பறக்கிற இடத்தில் கடிதத்தோடு நடப்பது எனக்கென்னவோ அதைவிடப் பெரிதாகப் படுகிறது.

கோட்டை காத்த வில்மிங்டன் துறைமுகம் வழியாகத்தான் தெற்கின் பருத்தி வெளியே போனது, ஆயுதம் உள்ளே வந்தது. கடற்படை முற்றுகையால் அமெரிக்கப் பருத்தி இங்கிலாந்துக்குச் சரியாகப் போய்ச் சேராத அந்த வருஷங்களில்தான் நம் திருநெல்வேலிப் பருத்திக்கும் விலை எகிறியது. இதையும் இரண்டு வரி எழுதியிருக்கலாம்.

இன்னொன்று. 'சாதாரண மாலுமி' என்று தலைப்பிட்டிருக்கிறீர்கள். பஸார் வகித்த 'ஆர்டினரி சீமேன்' என்பது ஒரு பதவி. இன்றும் சரக்குக் கப்பல்களில் அதை ஓ.எஸ். என்பார்கள், அதற்கு மேலே ஏ.பி., அதாவது ஏபிள் சீமேன். என் தம்பி ஓ.எஸ்ஸாக இருந்து ஏ.பி. ஆன அன்று எங்கள் தெருவுக்கே லட்டு கொடுத்தோம். அவனிடம் போய் 'சாதாரண மாலுமி' என்று சொல்லிப் பாருங்கள்!

அடுத்த இதழில் திருத்தம் போட்டால் நல்லது.

ஒரு வாசகர்,
தூத்துக்குடி